உகரச்சுட்டு

மூதூருக்குக் கடைசிப் படகு நாலரைக்கே விட்டாயிற்று.
இறங்குதுறை அலுவலகத்தில் நானும் நஸ்லிஹாவும்
சுற்ற மறந்த ஒரு மின்விசிறியும்.
சேர்வர் பின்னறையில்.
அதில் ஜாவாவில் எழுதிய பெயர்ச்சேவை;
எழுதியவர் இப்போது தோஹாவில்,
வாட்ஸ்அப்பில் ஒற்றைச் சரி அடையாளமாக.

என் பைத்தன் நிரல் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை:
படகுப் பதிவேடு என்ற பெயருக்கு உரியவர் யார்,
எங்கே போய்க் கதவு தட்டுவது.

காலையில் அப்படியொரு பெயரே இல்லை என்றது.
ஒரு பெயருக்கு இரண்டு பாகமாம்,
அடையாளம் ஒன்று, வகை ஒன்று.
வகையில் நான் 'படகு' என்று நிரப்பியிருந்தேன்.
தோஹாக்காரர் வெறுமையாய் விட்டிருந்தார்.
வெறுமைக்கும் எழுத்துப்பிழை உண்டு என்று
பதினொரு மணிக்குத்தான் விளங்கிற்று.

பெயர் கிடைத்தது. பிறகு இன்னும் மோசம்.
முகவரி வந்தது, போனேன்,
இணைப்பு மறுக்கப்பட்டது.
பிங் போகிறது. போர்ட் ஆயிரத்து ஐம்பது திறந்தே கிடக்கிறது.
கேபிளைக் கழற்றிப் பூட்டினேன்.
ஃபயர்வாலை அணைத்தேன், பயந்துபோய்த் திரும்பப் போட்டேன்.
வெளியே ஒரு மான்
ரொட்டி சுற்றிய கடுதாசியைத் தின்றுகொண்டிருந்தது,
ஓட்டோ ஹோர்ன் அடித்தும் நகராமல்.

கடைசியில் அந்த முகவரிச் சரத்தையே அச்சடித்தோம்.
பூச்சியமும் எண்ணும் எழுத்துமாய் ஒன்றரைப் பக்கம்.
நஸ்லிஹா அடிமட்டம் வைத்து வரிவரியாய் வாசித்தாள்:
"முப்பத்தொண்டு, முப்பத்திரெண்டு, முப்பத்தேழு, ரெண்டு ஈ..."
நான் பக்கத்தில் எழுதிக்கொண்டு வந்தேன்:
ஒன்று. இரண்டு. ஏழு. புள்ளி.
இருவரும் நிறுத்தினோம்.

நூற்றிருபத்தேழு, பூச்சியம், பூச்சியம், ஒன்று.
எந்தக் கணினியும் தன்னைத் தானே அழைக்கும் எண்.
நீ எங்கே என்று கேட்டதற்குப்
பின்னறைப் பெட்டி பொய் சொல்லவில்லை.
"இங்க" என்றிருக்கிறது, அவ்வளவுதான்.
என் நிரலும் அதை நம்பி
'இங்க' என்றால் இங்கேதான் என்று
என் மடிக்கணினியின் சொந்தக் கதவையே
பதினொரு மணியிலிருந்து தட்டியிருக்கிறது,
உள்ளே ஆளில்லை என்று
தனக்குத் தானே பதிலும் சொல்லிக்கொண்டு.

அ, இ, உ. சுட்டெழுத்து மூன்று.
உகரம் வழக்கொழிந்தது என்பார்கள் அக்கரையில்.
இங்கே வந்து கேளுங்கள்.
உவர்மலையிலிருந்து அண்ணி கோல் எடுத்தால்
முதல் கேள்வி "உங்க மழையோ?"
அவள் நிற்கிற இடமுமில்லை, தூரத்து அங்கேயுமில்லை,
நான் நிற்கிற இடம்.
அந்த ஒரு சொல்லைத்தான்
பெட்டிக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

ஹோஸ்ட்ஸ் கோப்பில் ஒரு வரி மாற்றினோம்,
பத்தில் தொடங்கும் எண்,
வெளியே நிற்பவருக்கு அது தெரிகிற எண்.
மூடித் திறந்ததில்
பெயர்ச்சேவை எல்லாப் பெயரையும் மறந்துவிட்டது.
ஒவ்வொன்றாய்த் திரும்பச் சொல்லிக் கட்டினோம்.

ஆறு ஐந்துக்குப் பதிவேடு பேசிற்று. முப்பத்தெட்டுப் படகு.
ஆங்கிலத்தில் பதிந்தவை ஒழுங்காய் வந்தன.
நடுவில் ஒன்று மட்டும்

???????

"தமிழ் தாங்கேல்ல. நாளைக்குப் பாப்பம்" என்றேன்.
நஸ்லிஹா பேனை முனையால் எண்ணினாள். ஏழு.
"மஸ்தூரா. எங்கட சாச்சாட போட்."
நாலெழுத்துக்கு ஏழு எப்படி வரும்?
"புள்ளி, கால், சுழி எல்லாம் அதுக்குத் தனித்தனி.
எண்ணிப் பாருங்க."

விரல் மடக்கி எண்ணினேன். சரிதான்.
பூட்டிக்கொண்டு வெளியே வந்தோம்.
இறங்குதுறையில் கட்டிக் கிடந்தது அது, பச்சை எழுத்தில்,
உப்புக்காற்றில் ஸகரத்தின் புள்ளி உரிந்து
ஆறாக.